தெரியவில்லை என்று எழுதிய நாள்

புதிதாக ஸ்கேன் அறைக்கு வந்து சேர்ந்திருக்கும் உங்களுக்கு இயந்திரத்தைப் பற்றி நான் சொல்லித்தர ஒன்றும் இல்லை. நான் ஓய்வு பெற்ற பிறகு வந்திருக்கும் இயந்திரங்களில் பாதிப் பொத்தான்கள் எனக்குப் புரியாது. அளவுகளும் வாரக்கணக்கும் உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன. நான் சொல்ல வந்தது வேறு. மேசையில் ஒரு பெண் படுத்திருக்கிறாள். நீங்கள் திரையைப் பார்க்கிறீர்கள். அவள் உங்கள் முகத்தைப் பார்க்கிறாள். அந்தச் சில நிமிடங்களில் நீங்கள் என்ன பேசுகிறீர்கள், கடைசியில் என்ன எழுதிக் கொடுக்கிறீர்கள் என்பதுதான் நம் வேலை. மற்றதை இயந்திரம் செய்துவிடும்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது எந்தப் பேராசிரியரும் இல்லை. சரண்யா என்ற ஒரு பெண். அவள் கதையைச் சொல்கிறேன். பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

கிழக்கு டெல்லியில் நான் வேலை பார்த்த மருத்துவமனையில், நல்ல மே மாத வெயிலில் அவள் வந்தாள். சீட்டில் சரண்யா பாண்டியன் என்று இருந்ததைப் பார்த்து, "தமிழாம்மா?" என்று கேட்டேன்.

"ஆமா டாக்டர். ஆனா பொறந்து வளர்ந்தது எல்லாம் இங்க மயூர் விஹார்லதான். என் தமிழ் கொஞ்சம் டேடா-மேடாவா, கோணல்மாணலாத்தான் இருக்கும். சிரிக்காதீங்க."

"எனக்கு முப்பது வருஷமா ஹிந்தியே அப்படித்தான் வருது. வா, படுத்துக்கோ."

அவள் படுக்கவில்லை. கைப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு கதவருகிலேயே நின்றாள். கருவின் பாலினத்தைக் கண்டறிவது குற்றம் என்று சுவரில் மாட்டியிருக்கும் பலகையை, அதில் தனக்கு ஏதோ எழுதியிருப்பதுபோல் முழுதாகப் படித்தாள். பிறகு சொன்னாள்.

"ஒரு விஷயம் சொல்லணும் டாக்டர். போன வருஷம் இதே மாதிரிதான் படுத்தேன். வேற இடம். அந்த டாக்டர் நல்லாப் பேசிட்டே இருந்தார். எங்க வேலை, ஊர் எது, என்ன சாப்பிட்ட, எல்லாம். அப்புறம் சட்டுனு பேச்சை நிறுத்திட்டார். திரையையே பார்த்துட்டிருந்தார். இன்னொருத்தரைக் கூப்பிட்டுக் காட்டினார். எங்கிட்ட மட்டும் யாரும் எதுவும் சொல்லலை. வெளியில போய் உக்காருங்கன்னாங்க. ஆனா எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு. அவர் பேசாம இருந்தாரே, அதுலயே தெரிஞ்சுபோச்சு."

ஒன்பதாவது வாரத்தில் அந்தக் கருவின் துடிப்பு நின்றுபோயிருந்தது.

"நீங்க தயவுசெஞ்சு பேச்சை நிறுத்தாதீங்க. என் வேலையில பேச்சு நின்னா ஏதோ ஆயிடுச்சுன்னு அர்த்தம்."

"என்ன வேலை?"

"ஏர்போர்ட்ல. ஏர் டிராஃபிக் கன்ட்ரோலர்."

ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து விமானங்களுக்கு, நீ ஏறு, நீ இறங்கு, நீ காத்திரு என்று குரல் நடுங்காமல் சொல்கிற பெண். ஆறடி நீளமுள்ள ஒரு மேசையில் ஏறிப் படுக்கக் கால் வராமல் நின்றாள்.

"சரி. பேசிக்கிட்டே பார்க்கறேன்," என்றேன். "நல்லதா இருந்தா உடனே சொல்றேன். கெட்டதா இருந்தாலும் உங்கிட்டதான் முதல்ல சொல்வேன். தெரியலைன்னா தெரியலைன்னு சொல்வேன். போதுமா?"

"அது போதும் டாக்டர். திரையை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிடுங்க."

திருப்பினேன். அவள் படுத்தாள்.

அத்தனை வருடங்களில் நான் அப்படிப் பேசிக்கொண்டே பார்த்ததில்லை. இது கருப்பை, இது சினைப்பை, இரண்டும் நன்றாக இருக்கின்றன, கரு தங்க வேண்டிய இடத்தில்தான் தங்கியிருக்கிறது, பை நல்ல வட்டமாக இருக்கிறது, உள்ளே கருவுக்கு உணவு தரும் சின்ன வளையம் தெரிகிறது. அதுவரை சொல்வது சுலபமாக இருந்தது. அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. கருவும் தெரியவில்லை, துடிப்பும் தெரியவில்லை. அவள் சொன்ன தேதிப்படி ஏழு வாரம் ஆகியிருக்க வேண்டும். திரையில் இருந்ததோ ஐந்து வாரத்துக்குச் சற்றே மேல்.

வழக்கமாக நான் மௌனமாகிவிடும் இடம் அது. அன்று மௌனமாக முடியாது, வாக்குக் கொடுத்திருந்தேன்.

"சரண்யா, தேதிக்கும் நான் பார்க்கிறதுக்கும் ஒத்துப்போகலை. இதுக்கு ரெண்டு காரணம் இருக்கலாம். கரு லேட்டா உண்டாகியிருக்கலாம். இல்லைன்னா வளர்ச்சி நின்னிருக்கலாம். எதுன்னு இன்னைக்கு எனக்குத் தெரியலை."

"தெரியலையா? மத்லப், அதாவது எவ்வளவு பர்சென்ட் தெரியலை?"

"பர்சென்ட் சொன்னா பொய் சொன்ன மாதிரி ஆயிடும்மா. அந்தக் கரு கலைஞ்சதுக்கு அப்புறம் மாதவிலக்கு ஒழுங்கா வந்துதா?"

"இல்லை. ஒரு மாசம் தள்ளும், ஒரு மாசம் முந்தும். ஷிஃப்ட் வேற மாறி மாறி வரும்."

"அப்போ தேதியை நம்பி நான் எதுவும் சொல்ல முடியாது. ரெண்டு வாரம் கழிச்சு வா. அப்போ தெரிஞ்சுடும்."

அறிக்கையிலும் அப்படியே எழுதினேன். உயிர்த்துடிப்பு குறித்து இப்போது முடிவு சொல்ல இயலாது, இரண்டு வாரம் கழித்து மறுபரிசோதனை தேவை. அறிக்கையின் கடைசி வரியில் ஒரு முடிவை எழுத உங்கள் கை துறுதுறுக்கும். தெரியவில்லை என்று எழுதினால் கெட்டிக்காரத்தனம் குறைவு என்று தோன்றும். அந்த வரியை வாங்கிக்கொண்டு போகிறவளின் முகத்தைப் பார்க்கும்போது, ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்றுகூடத் தோன்றும். தாங்கிக்கொள்ளுங்கள். நானும் அன்று அப்படித்தான் தாங்கிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து அவள் கணவன் பாண்டியன் என் அறைக்கு வந்தான். விருதுநகர்ப் பக்கத்துப் பையன், மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை. சரண்யா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவன் கையில் வேறோர் இடத்தில் எடுத்த ஸ்கேன் அறிக்கையும் ஒரு மாத்திரை அட்டையும் இருந்தன. வளர்ச்சி நின்றுபோன கர்ப்பம் என்று அந்த அறிக்கையில் தெளிவாக எழுதியிருந்தது. கருவை வெளியேற்ற மாத்திரையும் கொடுத்தனுப்பியிருந்தார்கள்.

"தப்பா நினைச்சுக்கிறாதீங்க டாக்டர்," என்றான். "நீங்க தெரியலைன்னு சொன்னதும் ராவெல்லாம் முழிச்சுக் கெடந்தா. ஒரு வாய் சாப்பிடலை. வேற எங்கயாவது கேட்டுப் பாப்போம்னு நாந்தான் கூட்டிப் போனேன். அவங்க முடிஞ்சுபோச்சுன்னுட்டாங்க. முடிஞ்சதுன்னா முடிச்சுருவோம். இப்படிச் சித்திரவதைப்படறதைப் பாக்க என்னால முடியலைங்க."

அவன் குரலில் கோபம் இல்லை. மனைவிமேல் இருந்த பிரியத்தில்தான் அப்படிக் கேட்டான். நெருக்கடி எப்போதும் அதட்டலோடு வராது. நல்ல மனிதன் ஒருவன் கண்ணில் நீரோடு வந்து நின்று, முடித்துவிடுங்கள் என்று கெஞ்சுவான். அப்போது மறுப்பதுதான் கடினம்.

இரண்டு அறிக்கைகளையும் எடுத்துக்கொண்டு மகப்பேறு மருத்துவரிடம் போனேன். எனக்குப் பல வருடம் பின்னால் சேர்ந்தவர், பஞ்சாபிப் பெண், அலட்டிக்கொள்ளவே மாட்டார். அளவுகளைப் பார்த்துவிட்டு, "ஜல்தி கிஸ் பாத் கீ ஹை?" என்றார். என்ன அவசரம் என்று கேட்கிறார். பிறகு இருவரையும் உள்ளே அழைத்து உட்கார வைத்து, அவர்களுக்குப் புரியும் ஹிந்தியில் நிதானமாகச் சொன்னார். இரத்தப்போக்கு இல்லை, வலி இல்லை. கரு குழாயில் இல்லை, கருப்பைக்குள்தான் இருக்கிறது. காத்திருப்பதால் சரண்யாவின் உடம்புக்கு இப்போது ஆபத்து ஒன்றும் இல்லை. நின்றுபோயிருந்தால் இரண்டு வாரம் கழித்தும் மாத்திரை கிடைக்கும். நின்றுபோகாமல் இருந்து மாத்திரையை விழுங்கிவிட்டால், அதைத் திரும்பப் பெற முடியாது. முடிவு உங்களுடையது.

சரண்யா என் பக்கம் திரும்பினாள். "நீங்க என் இடத்துல இருந்தா என்ன பண்ணுவீங்க டாக்டர்?"

"நான் உன் இடத்துல இல்லைம்மா. காத்திருக்கப்போறது நீ. கஷ்டப்படப்போறதும் நீ. முடியலைன்னு நீ சொன்னா யாரும் உன்னைக் குறை சொல்ல முடியாது. எனக்கு இன்னும் தெரியலைங்கிறதை மட்டும்தான் நான் சொல்ல முடியும்."

நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு அவள் பேசியபோது அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. வேலையில் பேசும் குரலாக இருக்க வேண்டும்.

"ரன்வே தெரியலைன்னு பைலட் சொன்னா, இறங்குன்னு நான் சொல்ல மாட்டேன். மேலயே சுத்திட்டிருன்னுதான் சொல்வேன். அதுல ஃப்யூயல் இருக்கிற வரைக்கும்."

பாண்டியன் அவளைப் பார்த்தான். "ஒனக்குத் தெம்பு இருக்கா?"

"எனக்கு இல்லாதப்போ நீங்க இருக்கீங்கல்ல?"

மாத்திரை அட்டையை அவன் கையிலிருந்து வாங்கி மருத்துவரின் மேசையில் வைத்தாள். அவர் அதை இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

காத்திருப்பது என்று சொல்வது எளிது. அந்த நாட்களை எப்படிக் கடப்பது என்று அவள் கேட்டபோது, டென்ஷன் ஆகாதே என்று நாங்கள் சொல்லவில்லை. நம் தொழிலில் அதைவிடப் பயனற்ற வார்த்தை கிடையாது, நீங்களும் சொல்லாதீர்கள். என்ன பயம் என்று கேளுங்கள். கேட்டால் கொட்டுவார்கள்.

சரண்யா கொட்டினாள். காலையில் குமட்டல் இருந்தால் பயம், இல்லாவிட்டால் அதைவிடப் பயம். பாத்ரூம் போகவே பயம். தான் இப்படிப் பயப்படுவதே வயிற்றில் இருப்பதற்குக் கெடுதல் செய்யுமோ என்று அதற்கும் ஒரு பயம். கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு, "போன தடவை நான் பப்பாளி சாப்பிட்டேன். தெரியாமத்தான். நைட் டியூட்டியும் பண்ணினேன்," என்றாள்.

ஒரு வருடமாக அதைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறாள். புருஷனிடம்கூடச் சொன்னதில்லை.

மகப்பேறு மருத்துவர் நாற்காலியை அவளருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். தொடக்கத்திலேயே கலைந்துபோகும் கர்ப்பங்களில் பெரும்பாலானவை கரு உருவாகும்போதே நேர்ந்த கோளாறால் கலைகின்றன. நீ தின்ற ஒரு துண்டுப் பழத்தால் இல்லை. பயப்படுவதாலும் கரு கலையாது. பயம் வந்தால் பயந்துகொள், அதோடு சண்டை போடாதே என்றார். அன்றுதான் சரண்யா அழுதாள். பாண்டியன் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, "பப்பாளியா? இதையா இத்தன நாளா உள்ள வெச்சிருந்த?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான்.

என்னென்ன ஏற்பட்டால் உடனே ஓடி வர வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொன்னோம். இரத்தம், கடும் வலி, மயக்கம். இவை இல்லாத மற்ற பயங்களுக்கு என்னை ஃபோனில் கூப்பிடலாம் என்றேன். தினமும் ஸ்கேன் எடுக்கலாமா என்று கேட்டாள். மறுத்துவிட்டேன். தினமும் பார்த்தால் எனக்குப் புதிதாக எதுவும் தெரியாது, உனக்குத் தினமும் ஒரு பரீட்சை எழுதின மாதிரி ஆகும் என்றேன்.

இன்னொரு கேள்வியும் இருந்தது. இந்த முறை யாரிடம் சொல்வது? முதல் முறை செய்தி தெரிந்த அன்றே அலுவலகம் முழுக்க லட்டு கொடுத்திருக்கிறாள். பிறகு ஒவ்வொருவரிடமாகப் போய் இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. அதில் லீவில் போயிருந்த ஒருத்தி, விவரம் தெரியாமல் சில மாதம் கழித்து வந்து கட்டிப்பிடித்து வாழ்த்தியிருக்கிறாள். அதனால் இந்தத் தடவை யாரிடமும் மூச்சு விடவில்லை என்றாள்.

"எல்லாருக்கும் சொல்ல வேண்டாம்," என்றேன். "கெட்ட செய்தி வந்தாலும் யார் உன் பக்கத்துல இருந்தா நல்லா இருக்கும்னு யோசி. அவங்களுக்கு மட்டும் சொல்லு."

அவள் இரண்டு பேரிடம் சொன்னாள். ஒருவர் அவளுடைய மேலதிகாரி. அவர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் இரவுப் பணியிலிருந்து எடுத்துவிட்டார். இன்னொருவர் மாமியார். பாண்டியனுக்கு முன்னால் தனக்கும் இரண்டு கலைந்ததாக அந்த அம்மாள் அன்றுதான் ஃபோனில் சொன்னாராம். முப்பத்துச் சொச்சம் வயதில், தான் மூத்த பிள்ளை இல்லை என்று பாண்டியனுக்குத் தெரியவந்தது.

குறித்த நாளுக்குக் கொஞ்சம் முன்னதாக, ஒரு மதிய வேளையில் ஃபோன் வந்தது.

"டாக்டர், ரத்தம் வருது. கொஞ்சம்தான். ஆனா சிவப்பா இருக்கு." பின்னால் ஆட்டோ சத்தம் கேட்டது. கிளம்பியே விட்டாள். பாண்டியன் அலுவலகத்திலிருந்து வந்துகொண்டிருந்தான். வழியில் நெரிசலில் மாட்டிக்கொண்டு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிட்டான்.

அவள் வந்தபோது முகத்தில் ஒரு துளி உணர்ச்சி இல்லை. வெயிலில் வந்ததில் வியர்த்துத் துப்பட்டா நனைந்திருந்தது. "முடிஞ்சுடுச்சு, எனக்குத் தெரியும்," என்றாள். "பாண்டியன் வர வரைக்கும் காத்திருக்கணுமா?"

"உனக்கு எப்படி வேணும்?"

"இப்பவே பாருங்க."

யாரும் சொல்லாமல் மேசையில் ஏறிப் படுத்தாள். திரை அந்தப் பக்கமே திரும்பியிருந்தது. நான் பேச ஆரம்பித்தேன். கருப்பை. சினைப்பைகள். பை அதே இடத்தில் இருக்கிறது. பையை ஒட்டி ஓரத்தில் கொஞ்சம் இரத்தம் கசிந்திருக்கிறது, சிவப்பு அதிலிருந்து வந்திருக்கலாம். பை முன்னைவிடப் பெரிதாக இருக்கிறது. உள்ளே…

உள்ளே ஒரு சின்னக் கரு இருந்தது. அதன் நடுவில் ஒரு புள்ளி விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது.

ஆயிரக்கணக்கில் அந்த மினுக்கலைப் பார்த்தவள் நான். ஆனாலும் அன்று அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். வார்த்தை வெளியே வரவில்லை. ஒரு கணம்தான் இருக்கும். ஆனால் அந்த ஒரு கணத்துக்குள் சரண்யா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"டாக்டர், பேசுங்க! பேசுங்க டாக்டர்!"

"இருக்கு," என்றேன். "துடிக்குதும்மா. நல்லாத் துடிக்குது."

அவள் நம்பவில்லை. என் முகத்தையே பார்த்தாள். பிறகு கையை நீட்டி, "திரையை இந்தப் பக்கம் திருப்புங்க," என்றாள்.

திருப்பினேன். எங்கே என்று காட்டினேன். முழங்கையை ஊன்றிப் பாதி எழுந்து, மூக்கு திரையில் இடிக்கிற மாதிரி குனிந்து பார்த்தாள். "இதுவா? இந்தக் குட்டியா? அரே, எவ்வளவு ஜல்தி ஜல்தியா அடிக்குது!" என்றாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து விக்கினாள். கதவைத் தள்ளிக்கொண்டு பாண்டியன் அப்போதுதான் உள்ளே வந்தான். அவள் அழுவதைப் பார்த்து அவன் முகம் வெளுத்துப்போனது. "இல்லை, இல்லை, இங்க வாங்க, பாருங்க," என்று அவள்தான் அவனைச் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் பார்த்தான். வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். துடிப்பைப் பார்த்துவிட்டால் பயம் போய்விடும் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். அது போகாது. கசிவு நிற்கச் சில நாட்கள் ஆயின. ஒன்பதாவது வாரம் அவளுக்கு மலை மாதிரி இருந்தது. அந்த வாரம் முழுக்கத் தினமும் கூப்பிட்டாள். நானும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து பேசி, வாரக் கடைசியில் ஒரே ஒரு ஸ்கேன் பார்ப்பது என்று முடிவு செய்தோம். மருத்துவக் காரணம் ஒன்றும் இல்லை. அவள் அந்த வாரத்தைத் தாண்ட ஒரு கைப்பிடி வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அதுவும் காரணம்தான். அன்று திரையில் அது கையையும் காலையும் உதைத்தது. வெளியே போகும்போது அவள் கதவருகில் நின்று, "இவ்வளவு தூரம் நான் வந்ததே இல்லை டாக்டர். இனிமே எல்லாமே எனக்குப் புதுசு," என்றாள். பயமும் சந்தோஷமும் பாதிப்பாதியாக இருந்தது அந்தக் குரலில்.

உறுப்புகளையெல்லாம் பார்க்கும் ஐந்தாம் மாதப் பெரிய ஸ்கேன் வந்தது, அதுவும் நன்றாக முடிந்தது. மழைக்காலம் போனது, தீபாவளிப் புகை போனது. வயிறு தெரிய ஆரம்பித்ததும் அலுவலகத்தில் எல்லோருக்கும் அவளே சொன்னாள்.

நம் வேலையில் ஒரு குறை உண்டு. ஒவ்வொரு குழந்தையின் இதயத்தையும் எல்லோருக்கும் முன்னால் நாம் பார்த்துவிடுகிறோம். முகத்தைப் பார்ப்பதில்லை. பிரசவம் மேல்மாடியில் நடக்கும், நாம் கீழே அடுத்த சீட்டைக் கூப்பிட்டுக்கொண்டிருப்போம். அந்த ஜனவரியில், டெல்லி முழுக்கப் பனிமூட்டம் அப்பியிருந்த ஒரு காலையில், மகப்பேறு மருத்துவர் ஃபோன் செய்து, "மேலே வாங்க," என்று மட்டும் சொன்னார். வரிசையை அப்படியே விட்டுவிட்டுப் படியேறினேன். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை.

பெண் குழந்தை. கறுகறுவென்று தலைமுடி. முஷ்டியை இறுக்கி மூடிக்கொண்டு, உலகத்தில் யாரையும் மதிக்காமல் தூங்கிக்கொண்டிருந்தாள். பாண்டியன் அவளை என் கையில் கொடுத்தான். கனமாக இருந்தாள்.

"பேர் என்ன?" என்று கேட்டேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வைக்கலை டாக்டர்," என்றாள் சரண்யா. "இத்தனை மாசமும் ஒரு பேர்கூட யோசிக்க தைரியம் வரலை. யோசிச்சா கண்ணு பட்டுடும்னு பயம்."

"இப்போ யோசிப்போம்," என்றான் பாண்டியன். "கயல்விழி எப்படி இருக்கு?"

"ஸ்கூல்ல எல்லாரும் காயல்னு கூப்பிடுவாங்க. வேண்டாம். தாரா?"

"தாராவா? எங்க ஊர்ல தாரான்னா வாத்து!"

"சரி, நிலா?"

"எங்க மாமா வீட்ல ஏற்கெனவே ரெண்டு நிலா இருக்கு."

அவர்கள் குரல் ஏறிக்கொண்டே போனது. பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் எட்டிப் பார்த்து ஹிந்தியில் ஒரு பெயர் சொன்னாள். நர்ஸ் வந்து மலையாளத்தில் ஒன்று சொன்னாள். எல்லாவற்றையும் இருவரும் சேர்ந்து நிராகரித்தார்கள். கீழே எனக்காக ஒரு வரிசையே காத்துக்கொண்டிருந்தது. இன்னும் ஐந்து நிமிடம் இருக்கட்டும் என்று, அந்தப் பெயரில்லாத பெண்ணை மடியில் வைத்துக்கொண்டு, நானும் ஒரு பெயர் சொன்னேன்.